எங்கள் வார்டு கை மாறியது: கட்சியா, ஆளா?

23 பிப்ரவரி 2022

நேற்று மதியம் 12 மணிக்கெல்லாம் நகராட்சித் தேர்தல் முடிவு தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக இரட்டை இலைக் கணக்கில் இருந்த எங்கள் வார்டு உதயசூரியனுக்குப் போய்விட்டது, சில நூறு ஓட்டு வித்தியாசத்தில். கொங்குப் பக்கம் ஒரு நகராட்சி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊரும் வார்டு எண்ணும் வேண்டாம், தோற்றவரும் ஜெயித்தவரும் தினம் முகத்தில் விழிக்கிற ஆட்கள்.

எல்லோரும் 'அலை' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்டுத் தேர்தலில் கட்சி இரண்டாம் பட்சம்தான். தெருமுனையில் சாக்கடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் அடியில் போட்ட குழாய் சிறியது. மழை பெய்தால் தண்ணீர் திரும்பி ஏறி முதல் நான்கு வீட்டு வாசலில் நிற்கும், எங்கள் வீடு மூன்றாவது. 2013-லிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். அந்தக் குழாய்தான் இந்த வார்டை மாற்றியது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

24 பிப்ரவரி 2022, காலை

என் மச்சான் இரட்டை இலைக்கு ஓட்டு எண்ணிக்கை ஏஜெண்டாக உட்கார்ந்தவர். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தார். "மாப்ள, நீங்க சொல்ற குழாய் நாலு வீட்டுப் பிரச்சினைங்க. நாங்க தோத்தது எல்லாப் பூத்துலயும்" என்றார். சரிதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுத் தெருவில் தண்ணீரே தேங்காது, அங்கேயும் சூரியன்தான் முன்னால் வந்திருக்கிறது. நேற்று ரொம்ப உறுதியாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இது அதே வார்டே இல்லை. 2011-க்கும் இப்போதைக்கும் நடுவில் வார்டு மறுவரையறை நடந்திருக்கிறது. எண் மாறியது, எல்லை மாறியது. பழைய வார்டில் இருந்த காலனி இப்போது பக்கத்து வார்டில். பக்கத்திலிருந்த மில் குடியிருப்பு இப்போது எங்களோடு. அப்போது பொது வார்டு, இப்போது பெண்கள் வார்டு. 2011-ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கினார்கள். அதனால் பழைய கவுன்சிலர் நிற்க முடியவில்லை, அவர் மனைவி நின்றார். எதிர்ப்பக்கம் வட்டச் செயலாளரின் மருமகள். ஆக எல்லை வேறு, வேட்பாளர் வேறு, ஓட்டாளரில் கால்வாசிப் பேர் வேறு. இதில் எதை வைத்து 'கை மாறியது' என்று சொல்வது?

24 பிப்ரவரி 2022, இரவு

சின்ன விஷயம், ஆனால் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். 2011-ல் பூத்துக்குள் போனபோது இரண்டு ஓட்டு: நகராட்சித் தலைவருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. அந்தத் தடவை நான் தலைவருக்கு ஒரு சின்னம், கவுன்சிலருக்கு இன்னொரு சின்னம் என்று பிரித்துப் போட்டேன், வீட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். இப்போது ஒரே ஓட்டு. தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள் என்று 2019 நவம்பரில் அவசரச் சட்டம் வந்ததே, அதன் விளைவு. ஒரே பொத்தானை வைத்துக்கொண்டு ஊருக்குத் தலைவராக எந்தக் கட்சி, தெருவுக்கு எந்த ஆள் என்று இரண்டையும் எப்படிச் சொல்வது? கட்சி பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்ற என் வாதம் இங்கே இன்னும் பலவீனமாகிறது.

26 பிப்ரவரி 2022

இரண்டு நாளாக இதே யோசனை. எங்கள் தெருவின் வரலாற்றை அம்மாவிடம் கேட்டு எழுதிப் பார்த்தேன். 1996-ல் த.மா.கா. (மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்), சைக்கிள் சின்னம். 2001-ல் இரட்டை இலை. 2006-ல் சூரியன். 2011-ல் இலை. இப்போது சூரியன்.

இதைப் பக்கத்தில் வைத்துக் கோட்டையில் யார் என்று பாருங்கள். 1996 மே மாதம் தி.மு.க. - த.மா.கா. ஜெயித்தது, அக்டோபரில் உள்ளாட்சி. 2001 மே அ.தி.மு.க., அக்டோபரில் உள்ளாட்சி. 2006-ம் அப்படி, 2011-ம் அப்படி. ஆட்சி மாறின ஐந்தாவது மாதம் உள்ளாட்சித் தேர்தல். புது அரசின் மீது யாருக்கும் இன்னும் கோபம் வந்திருக்காது, அதற்குள் வார்டும் பின்னாலேயே போய்விடும். 2011-ல் பத்து மாநகராட்சியும் அ.தி.மு.க.வுக்கு. இப்போது இருபத்தொன்றும் தி.மு.க. கூட்டணிக்கு.

இதற்கு மேல் சாட்சி வேண்டுமென்றால் கோவையைப் பாருங்கள். போன மே மாதம் மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. - பா.ஜ.க. கூட்டணிக்கு, ஒன்றுகூடத் தி.மு.க.வுக்கு இல்லை. ஒன்பதே மாதம் கழித்து மாநகராட்சியின் 100 வார்டில் அ.தி.மு.க. பிடித்தது மூன்று! ஒன்பது மாதத்தில் நூறு வார்டிலும் சாக்கடை மாறிவிடவில்லை. மாறியது சென்னையில் ஆட்சி.

விதிவிலக்கு இல்லையா என்றால் இருக்கிறது. 2001-ல் அ.தி.மு.க. ஆட்சியில்தான் ஸ்டாலின் சென்னை மேயராக இரண்டாம் தடவை ஜெயித்தார். 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் அ.தி.மு.க. ஆட்சியில் இருந்தும் தி.மு.க. கூட்டணி முந்தியது. ஆனால் அந்த 2019-ஐ யோசித்துப் பாருங்கள், சட்டமன்றத் தேர்தலுக்கு ஒன்றரை வருடம்கூட முழுதாக இல்லை. அடுத்து யார் வருவார்கள் என்று ஜனங்கள் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். பழைய ஆட்சியின் கடைசியில் நடத்தினால் வரப்போகிறவர் பக்கம், புது ஆட்சியின் தொடக்கத்தில் நடத்தினால் வந்தவர் பக்கம். வார்டு ஓட்டு எப்போதும் கோட்டையைப் பார்த்தபடிதான் நிற்கிறது.

26 பிப்ரவரி 2022, கொஞ்சம் கழித்து

ஓட்டுப் பிரிந்ததை விட்டுவிட்டேன். ஜனவரி 31-ம் தேதி பா.ஜ.க. தனியாகப் போவதாக அறிவித்தது, பா.ம.க., தே.மு.தி.க., நாம் தமிழர், மய்யம், அ.ம.மு.க. எல்லாம் தனித்தனி. எங்கள் வார்டில் தாமரைக்கு விழுந்த ஓட்டு சூரியனின் வித்தியாசத்தைவிட அதிகம் என்கிறார் மச்சான். அதையும் அலை என்று சொல்லிவிட முடியாது, கூட்டணிக் கணக்கு அது.

27 பிப்ரவரி 2022

ஊரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என் ஓட்டை மறைப்பது நேர்மை இல்லை. 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலில் நான் இரட்டை இலைக்குப் போட்டேன். இப்போது சூரியனுக்கு. கோவையில் நடந்த அந்தத் தலைகீழ் மாற்றத்தை வியந்து எழுதினேனே, அப்படி மாறியவர்களில் நானும் ஒருவன்.

ஏன் மாற்றினேன்? வேட்பாளரை எனக்குத் தெரியாது. அந்த அம்மா ஓட்டுக் கேட்டு வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போன நோட்டீஸில் பார்த்த முகம்தான். பூத்துக்குள் நின்ற அந்த அரை நிமிடத்தில் மனதில் ஓடியது ஒன்றுதான்: எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வந்தால் குழாய் இன்னும் ஐந்து வருடம் மாறாது. எம்.எல்.ஏ.வுக்காவது தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு 3 கோடி உண்டு. நகராட்சிக் கவுன்சிலர் மன்றத்தில் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும், கேட்டால் கிடைக்கிற பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய கவுன்சிலரின் மனைவி தெரிந்த பெண், அங்கன்வாடிக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொல்லிப் பத்து நாள் நடந்தவர். ஆளைப் பார்த்திருந்தால் அவருக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பட்டுவாடா நடந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு தரப்பிலிருந்து கவர் வந்தது, இன்னொரு தரப்பிலிருந்து ஹாட்பாக்ஸ் வந்தது. அம்மா இரண்டையும் வாங்காமல் அனுப்பிவிட்டார். கொடுக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருப் பையன்கள்தான், வெறுங்கையோடு போக மனமில்லாமல் கேட்டில் மாட்டிவிட்டுப் போகப் பார்த்தார்கள்.

5 மார்ச் 2022

2-ம் தேதி பதவியேற்பு, நேற்று தலைவர் தேர்வு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்துக்கு இப்போதுதான் ஆள் வந்திருக்கிறது. அந்த அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்ற வழக்கில். பிறகு மறுவரையறை, வழக்கு, கொரோனா. ஐந்து வருடம் நான்கு மாதம் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர் என்ற அரசு அதிகாரியின் ஆட்சி.

என் முதல் குறிப்பில் 'பதினோரு வருடமாக இரட்டை இலைக் கணக்கில்' என்று எழுதியிருக்கிறேன், தப்பு. ஐந்து வருடம் இலை, ஐந்து வருடத்துக்கு மேல் யாருமே இல்லை. யாருமே இல்லாத வருடங்களின் கோபத்தையும் சேர்த்துத் தோற்றவர் தலையில் கட்டிவிட்டோம். 2018 மழையில் வாசலில் தண்ணீர் நின்றபோது யாரைக் கேட்பது என்று தெரியாமல் பழைய கவுன்சிலர் வீட்டுக்குத்தான் போனோம். பதவியில் இல்லாத மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு அலுவலகம் வந்தார். அங்கே அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "முன்னாள் தானுங்களே" என்றார்கள். அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரம் நின்றோம்.

11 ஏப்ரல் 2022

சொத்து வரியை ஏற்றிவிட்டார்கள். தேர்தல் முடிந்து ஆறு வாரம் ஆவதற்குள் அறிவிப்பு. 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 1150 சதுர அடி, பாதி ஏறுகிறது. பிப்ரவரி மாதப் பிரசாரத்தில் இதை யாரும் பேசவில்லை. தேர்தல் ஏப்ரல் கடைசியில் வந்திருந்தால் எங்கள் வார்டு கை மாறியிருக்குமா? சில நூறு ஓட்டுத்தானே. 'கோட்டையைப் பார்த்தபடி நிற்கும்' என்று நான் எழுதியதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எப்போது நடத்துவது என்பதும் கோட்டையின் கையில்.

19 ஜூன் 2022

இன்று புதுக் கவுன்சிலரை முதல் தடவை நேரில் பார்த்தேன், அதுவும் காலை நாலரை மணிக்கு.

எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் விடும் நாளைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. தண்ணி திறந்து விடுகிறவர் விடியும் முன் சைக்கிளில் வருவார். நீளமான இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. அதைத் தரையில் இருக்கிற மூடிக்குள் விட்டுத் திருகும்போது 'கிணுங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அம்மா இருபது வருடமாக விழித்துக்கொள்கிறார். இன்று சத்தத்தோடு பேச்சுக் குரலும் கேட்டதால் வெளியே போனேன். கவுன்சிலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, எத்தன சுத்து திறப்பீங்க? கடைசி வீட்டுக்கு எந்நேரம் வருது?" என்று கேட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் கூட வரவில்லை, தனியாக வந்திருந்தார்.

ரேஷன் கடைச் சுவரில் எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று இப்போது எழுதிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு நிதி வேண்டியதில்லை, ஆளுங்கட்சியாக இருக்கவும் வேண்டியதில்லை. ஆள்தான் வேண்டும். என் முதல் நாள் வாதம் முழுக்கத் தப்பில்லை போலிருக்கிறது. ஓட்டுப் போடுவது கட்சிக்கு, வாழ்வது ஆளோடு.

3 ஜூலை 2022

"வீட்டுக்காரர் நிழல் இல்லாமல் பெண் கவுன்சிலரா?" என்று மச்சானே கேட்டார். உண்மையைச் சொல்கிறேன். மன்றக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று முதல் இரண்டு மாதம் மாமனார் எழுதிக் கொடுத்ததாகத்தான் தெருவில் பேச்சு. போன் செய்தால் எடுப்பதும் அவர்தான். மே மாதம் அந்த அம்மா தனக்கென்று ஒரு எண் வாங்கி எல்லா வீட்டுக்கும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் காலை நாலரை மணி. பெண்கள் வார்டு ஆக்கியதால் 'அதே வார்டு இல்லை' என்று குறை போல எழுதியிருந்தேன், அந்த வரியை இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

2 நவம்பர் 2022

நேற்று உள்ளாட்சி நாள், முதல் தடவையாகப் பகுதி சபைக் கூட்டம். கிராம சபை மாதிரி நகரத்துக்கு. பந்தலில் முப்பது பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் கட்சிக்காரர்கள். பாலத்துக் குழாயைப் பற்றி நான் எழுந்து பேசினேன், கை நடுங்கியது. பொறியாளர் தரப்பில் பதில் சொன்னவர் 'மட்டம்' பார்க்க வேண்டும் என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து பழைய கவுன்சிலர் எழுந்தார், யாரும் எதிர்பார்க்கவில்லை. குழாயைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, கீழ்ப்பக்க ஓடை மேடாகிவிட்டது, 2014-ல் அளவெடுத்த காகிதம் தன்னிடம் இருக்கிறது என்றார். புதுக் கவுன்சிலர், "நாளைக்கு வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறனுங்க மாமா" என்றார். இருவரும் ஒருவிதத்தில் சொந்தம்தான், எங்கள் ஊரில் யார்தான் இல்லை.

20 ஆகஸ்ட் 2023

இரண்டு விஷயம். ஒன்று, கவுன்சிலர்களுக்கு மதிப்பூதியம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்: மாநகராட்சியில் மாதம் 10,000, எங்களைப் போன்ற நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. காலை நாலரை மணிக்கு வருகிறவருக்கு இதுகூட இல்லாமல்தான் இத்தனை நாள் ஓடியது.

இன்னொன்று, கை மாறுவதில் நான் பேசாமல் விட்ட வகை. பக்கத்து வார்டில் சுயேச்சையாக ஜெயித்தவர் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். தேர்தல் இல்லை, ஓட்டு இல்லை, வார்டு கை மாறிவிட்டது. பதவி போகாதா என்றால் போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். வாளையாரைத் தாண்டினால் கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே 1999-ல் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள், இங்கே இல்லை. அந்த வார்டுக்காரர் ஒருவரிடம் கேட்டேன், கோபமில்லையா என்று. "ரோடு வந்துருச்சுங்க" என்றார். பிப்ரவரி 27-ம் தேதி நான் எழுதிய அதே கணக்கு. நான் பூத்துக்குள் செய்ததை அவர் வெளியே செய்திருக்கிறார். ஆனாலும் அந்தச் சுயேச்சைக்குப் போட்டவர்களைக் கேட்காமல் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

8 ஆகஸ்ட் 2024

கோவை மேயர் கல்பனா போன மாதம் ராஜினாமா செய்தார், இப்போது ரங்கநாயகி. இரண்டு பேரும் தி.மு.க. ஊருக்கே தலைமைப் பதவி, கை மாறியது கட்சிக்குள்ளேயே. கோவையில் இருக்கிற என் நண்பனுக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்த 2011-ல் இப்படி நடந்திருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும், 2014-ல் வேலுசாமி விலகியபோது வந்தது. அந்த இரண்டாவது ஓட்டை எங்களிடமிருந்து எடுத்ததை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

பாலம்: குழாய் மாற்றியாகிவிட்டது, ஓடையும் தூர்வாரினார்கள். பழைய கவுன்சிலரின் காகிதத்தை வைத்துத்தான் மட்டம் பிடித்தார்களாம். இந்தக் கோடை மழைக்கு முதல் வீட்டு வாசல் மட்டும் நனைந்தது.

12 ஜனவரி 2025

போன வாரத்தோடு ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்துவிட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டத்திலும் மறுபடி தனி அலுவலர்கள். என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊரும் அதில் சேரும். தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது என்று போன் செய்தாள். எனக்கு 2018-ல் அந்தத் திண்ணையில் நின்ற ஒரு மணி நேரம்தான் ஞாபகம் வந்தது. முன்னாள் தலைவர் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் நகராட்சிக்கு 2027 தொடக்கம் வரை காலம் இருக்கிறது. அதற்கு முன்னால் சட்டமன்றத் தேர்தல் வந்துவிடும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அம்மா கவுன்சிலர் எண்களைக் கரியால் எழுதி வைத்திருப்பார். 2001-ல் எழுதிய ஆறு இலக்க வீட்டுப் போன் எண்ணிலிருந்து ஒன்றன் கீழ் ஒன்றாக, பெயரோ சின்னமோ இல்லாமல். பெயிண்டர் தெரியாமல் எல்லாவற்றின் மேலும் அடித்துவிட்டார். சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். இப்போதைய கவுன்சிலரின் எண்ணை எழுதினேன். "அதுக்குக் கீழ அவரோடதையும் எழுது" என்றார். பழையவரின் எண் என் போனில் இல்லை, மச்சானிடம் கேட்டு வாங்கி எழுதினேன்.